காட்டுத் தீ அணைந்த பிறகு



2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் தேதி. சனிக்கிழமை. பெங்களூரு எலகங்காவில் விமானக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். வெளியே பெரிய மைதானத்தில் கார்களை நிறுத்தியிருந்தார்கள். மைதானம் முழுவதும் காய்ந்த புல். அந்தப் புல்லில் தீப் பிடித்தது. காற்றும் பலமாக அடித்தது. சிறிது நேரத்தில் ஏறத்தாழ 300 கார்கள் எரிந்து வெறும் கூடாகி நின்றன. நல்ல வேளை, உயிர்ச் சேதம் இல்லை.

நகரம் முழுவதும் அன்று இதே பேச்சு. ஆனால் அதே நாளில் இன்னொரு இடமும் எரிந்துகொண்டிருந்தது. அது பந்திப்பூர் காடு. பெங்களூரிலிருந்து மைசூரு வழியாக ஊட்டிக்குப் பஸ்ஸில் போனவர்களுக்கு அந்தக் காடு தெரியும். குண்டலுபேட்டை தாண்டியதும் வரும். சாலையோரம் மான் கூட்டம் நிற்கும். சில நாள் யானையும் நிற்கும். அதன் ஒரு பக்கம் தமிழ்நாட்டின் முதுமலை. இன்னொரு பக்கம் கேரளத்தின் வயநாடு. காட்டுக்கு மாநில எல்லை தெரியாது. தீக்கும் தெரியாது.

அந்த வாரம் பந்திப்பூரில் கோபாலசாமி மலையைச் சுற்றியும் குந்தகெரே பக்கமும் தீ பரவியது. நான்கைந்து நாட்கள் எரிந்தது. வனத் துறை ஆட்களும், சுற்றுக் கிராமத்து மக்களும், பெங்களூரு, மைசூரிலிருந்து போன இளைஞர்களும் பச்சைக் கிளைகளை ஒடித்து அடித்து அடித்து அணைத்தார்கள். கடைசியில் பிப்ரவரி 25-ஆம் தேதி விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன. ஹெலிகாப்டரின் அடியில் பெரிய பை போன்ற வாளி தொங்கும். அதில் நீரை மொண்டு தீயின் மேல் கொட்டினார்கள். தீ அடங்கியது.

எரிந்தது எவ்வளவு? செயற்கைக்கோள் படத்தை வைத்து அளந்தார்கள். ஏறத்தாழ 4,420 ஹெக்டேர். ஏக்கர் கணக்கில் 10,900-க்கு மேல். லால்பாக் தோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அது 240 ஏக்கர். அப்படி 45 லால்பாக் எரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக் காட்டோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். ஆனாலும் அந்தப் பங்கில் குடியிருந்த உயிர்களுக்கு அதுதானே உலகம்?

அந்த உயிர்கள் என்ன ஆயின? தீ அணைந்த பிறகு அவை எப்படிப் பிழைக்கின்றன? மனிதர்கள் எதைச் செய்தால் அவற்றுக்கு உதவி, எதைச் செய்தால் உபத்திரவம்? இன்றைய பேச்சு இதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு செய்தி. அந்த நாட்களில் கைபேசியில் சில படங்கள் சுற்றி வந்தன. கருகிக் கிடக்கும் முயல், குட்டியை அணைத்தபடி செத்துக் கிடக்கும் குரங்கு என்று பல படங்கள். பார்த்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். ஆனால் அவற்றில் பல பந்திப்பூரில் எடுத்தவையே அல்ல. வேறு இடத்தில், வேறு காலத்தில் எடுத்தவை. வனத் துறையே இதைச் சொல்ல வேண்டியதாயிற்று.

அப்படியானால் பந்திப்பூரில் ஒன்றும் சாகவில்லையா? அப்படி இல்லை. செத்தவை படத்தில் வரவில்லை.

யானை, காட்டெருது, மான், புலி போன்ற பெரிய விலங்குகளுக்குத் தீயின் வாசனை தொலைவிலேயே தெரியும். அவற்றுக்குக் கால் இருக்கிறது, ஓட இடமும் இருக்கிறது. பெரும்பாலும் தப்பிவிடும். பறவைகள் பறந்துவிடும். சில பறவைகள் தீயைத் தேடியே வரும். கரிச்சானையும் பனங்காடையையும் தீயின் ஓரத்தில் பார்க்கலாம். வெட்டுக்கிளியும் வண்டும் புகைக்குப் பயந்து வெளியே வரும். அவற்றைப் பிடித்துத் தின்ன இவை காத்திருக்கும். ஒருவர் வீடு எரியும்போது இன்னொருவருக்கு விருந்து. காட்டில் இதுவும் உண்டு.

மாட்டிக்கொள்வது யார்? மெதுவாக நகர்பவர்கள். ஆமை ஓட முடியுமா? நட்சத்திர ஆமை ஆபத்து வந்தால் தலையையும் காலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். நாய் வந்தால் அது சரி. தீ வந்தால் அதுவே எமன். ஓணான், அரணை, பாம்பு, நத்தை இவற்றில் பல எரிந்துபோகும். தரையில் முட்டையிடும் பறவைகளின் முட்டைகள் போய்விடும். பிறந்து சில நாளே ஆன மான் குட்டி ஓடாது. அசையாமல் படுத்துக் கிடப்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு.

மண்ணுக்குள் இருப்பவர்கள் பிழைப்பார்கள். புல்லில் எரியும் தீ வேகமாக ஓடிவிடும். மேலே கொதித்தாலும் ஒரு சாண் ஆழத்தில் மண் அவ்வளவு சூடாகாது. வளைக்குள் இருக்கும் எலி, புற்றுக்குள் இருக்கும் பாம்பு, குழியில் இருக்கும் முள்ளம்பன்றி பலவும் தப்பும். தீ அணைந்த மறுநாள் சாம்பலில் போய்ப் பார்த்தால் வளை வாயில் புதிய கால் தடம் இருக்கும்.

ஆஸ்திரேலியா நாட்டில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2019-ஆம் ஆண்டின் கடைசியிலும் 2020-இன் தொடக்கத்திலும் அங்கே மிகப் பெரிய காட்டுத் தீ. ஏறத்தாழ 300 கோடி உயிர்கள் இறந்தன அல்லது இருப்பிடம் இழந்தன என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். அதில் ஏறத்தாழ 246 கோடி பல்லி, ஓணான், பாம்பு வகைகள். கங்காருவும் கோவாலாவும் சேர்ந்த பாலூட்டி விலங்குகள் 14 கோடி சொச்சம். உலகம் முழுவதும் படம் பார்த்தது கோவாலாவுக்குத்தான். பல்லிக்காக யார் அழுதார்கள்?

சரி, தப்பித்த விலங்குகளின் கதை என்ன? உண்மையில் தீ அணைந்த பிறகுதான் அவற்றின் கஷ்டம் தொடங்குகிறது.

பிப்ரவரி, மார்ச் மாதம். மழை வர இன்னும் நாள் இருக்கிறது. புல் இல்லை, நிழல் இல்லை. மானுக்கு ஒளிய புதர் இல்லை. புலிக்கும் செந்நாய்க்கும் மறைந்திருந்து வேட்டையாட இடம் இல்லை. குட்டை வற்றியிருக்கும். அதனால் விலங்குகள் எரியாத பகுதிக்கு நகரும். அங்கே ஏற்கெனவே வேறு விலங்குகள் இருக்கும். அதே புல்லுக்கும் அதே தண்ணீருக்கும் இரட்டிப்புக் கூட்டம். இடம் போதாமல் யானை வயலுக்கு வரும், மான் சாலைக்கு வரும். சாலைக்கு வந்த மான் லாரியில் அடிபடும்.

பந்திப்பூர் காட்டுச் சாலையில் 2009-ஆம் ஆண்டு முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொது வாகனப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. இந்தத் தடையால் வியாபாரம் கெடுகிறது என்று எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தீ நடந்த ஆண்டில் இந்தத் தடையின் அருமை தெரியும். இரவில்தான் விலங்குகள் இடம் பெயரும். பகலில் லாரியோ வேனோ ஓட்டிப் போகிறவர்கள் அந்த மாதங்களில் வேகத்தைக் குறைத்தால் அதுவே பெரிய உதவி. காசு செலவில்லாத உதவி.

இனி எரிந்த காட்டைப் பார்ப்போம். ஏப்ரல் மாதத்தில் கோடை மழை ஒன்று இரண்டு பெய்யும். அதற்குப் பிறகு காட்டைப் போய்ப் பார்த்தால் நம்ப முடியாது. கரித் தரையில் பச்சைப் பாய் விரித்தது போலப் புல் முளைத்திருக்கும். 2019-இல் பந்திப்பூரிலும் மழைக்குப் பிறகு அப்படித்தான் பசுமை திரும்பியது. புல்லின் உயிர் வேரில் இருக்கிறது. தேக்கு, கருமருது, வெக்காலி, நெல்லி போன்ற மரங்கள் இந்தக் காட்டில் உண்டு. பெரிய மரங்களின் தடித்த பட்டை லேசான தீயைத் தாங்கும். சிறிய கன்று எரிந்தாலும் அடித்தூரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். துளிர் வந்தால் மான் வரும், காட்டெருது வரும். அவற்றைத் தேடிப் புலி வரும்.

அப்படியானால் தீ நல்லதுதானே என்று யாராவது கேட்கலாம். இங்கேதான் கவனம் வேண்டும். ஒரு முறை எரிந்த காட்டுக்கு ஆற நாள் வேண்டும். துளிர்த்த கன்று ஆள் உயரம் வளர்ந்து, பட்டை தடிக்கச் சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் அடுத்த ஆண்டும் எரிந்தால்? அதற்கடுத்த ஆண்டும் எரிந்தால்? கன்றுகள் மரமாகவே மாட்டா. கிழட்டு மரங்கள் மட்டும் நிற்கும். அவையும் ஒரு நாள் விழும். புண் ஆறுவதற்குள் அதே இடத்தில் மீண்டும் சுட்டுக்கொண்டால் எப்படி இருக்கும்? அது போலத்தான்.

அந்த இடைவெளியில் நுழைவது உண்ணிச்செடி. கர்நாடகத்தில் இதை லாண்டானா என்றே சொல்கிறார்கள். சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் முட்புதர். ரோட்டோரம் எல்லாரும் பார்த்ததுதான். இது நம் நாட்டுச் செடி அல்ல. தென் அமெரிக்காவிலிருந்து 200 ஆண்டுகளுக்கு முன்னால் வெள்ளைக்காரர்கள் அழகுக்காகக் கொண்டு வந்தார்கள். தோட்டத்தில் வைத்த செடி காட்டுக்குள் போனது. மானுக்கும் மாட்டுக்கும் இது உணவாகாது. மாடு தின்றால் நோய் வரும். அடர்ந்து வளர்ந்து புல்லை அமுக்கிவிடும். கோடையில் காய்ந்தால் நல்ல விறகு போல எரியும். எரிந்தாலும் வேர் சாகாது, மழை வந்ததும் முதலில் முளைப்பது இதுதான். இதனால் தீ பெரிதாகிறது. தீயால் இது பெருகுகிறது. சக்கரம் சுற்றுகிறது.

இந்தச் சக்கரத்தைப் பற்றிப் பழங்குடி மக்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். பந்திப்பூருக்குக் கிழக்கே பிளிகிரி ரங்கன் மலை இருக்கிறது. அங்கே வாழ்பவர்கள் சோலிகர்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. அதற்குப் பெயர் 'தரகு பெங்கி'. தமிழில் தரகு என்றால் புரோக்கர் கமிஷன். கன்னடத்தில் அது சருகு. பெங்கி என்றால் தீ. சருகுத் தீ என்று பொருள்.

கோடை முற்றும் முன்பே, பனி ஈரம் இருக்கும்போதே, அவர்கள் காய்ந்த சருகுக்குத் தீ வைப்பார்கள். தீ முழங்கால் உயரத்துக்கு மேல் எழாது. சருகை மட்டும் தின்றுவிட்டு அடங்கிவிடும். பிறகு கோடையில் பெரிய தீ வந்தாலும் எரிய ஒன்றும் இருக்காது. உண்ணிக் கன்றும் சிறிதாக இருக்கும்போதே கருகிவிடும். 1970-களில் அந்த மலை வனவிலங்குச் சரணாலயம் ஆனது. தீ வைப்பது குற்றம் என்று தடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் உண்ணி காட்டை மூடியது என்று சோலிகர்கள் சொல்கிறார்கள். பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அந்த மலையில் 1997-இலும் 2008-இலும் அளந்து பார்த்தார்கள். அந்தப் பதினோரு ஆண்டுகளில் உண்ணி பரவிய இடம் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தது.

இதற்காக எல்லாரும் போய்க் காட்டுக்குத் தீ வைக்கலாம் என்று பொருள் இல்லை. அது சட்டப்படி குற்றம். காற்றின் திசையும் சருகின் ஈரமும் அறிந்தவர்கள், தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை அது. இன்று காடு முழுக்க ஆள் உயரத்துக்கு உண்ணி காய்ந்து நிற்கிறது. இந்த நிலையில் சிறு தீயும் பெருந்தீயாகிவிடும். முதலில் உண்ணியை வேரோடு எடுக்க வேண்டும். பிறகு சருகுத் தீயைப் பற்றி யோசிக்கலாம். அந்த யோசனையில் சோலிகர்களும் உட்கார வேண்டும். 2011-இல் அந்த மலையின் சோலிகர்களுக்கு வன உரிமைச் சட்டப்படி காட்டின் மீது சமூக உரிமை கிடைத்தது. அவர்கள் சொல்லைக் கேட்பதற்குச் சட்டமே இப்போது வழி வைத்திருக்கிறது.

உண்ணியை எடுப்பதில் பிழைப்பும் இருக்கிறது. மாதேஸ்வரன் மலைப் பக்கம் சோலிகர்கள் உண்ணிக் குச்சியை வேகவைத்து, தோலுரித்து, நாற்காலி, கூடை முடைகிறார்கள். 2024-இல் லால்பாக்கில் ஆள் உயரத்துக்கு மேல் பெரிய பெரிய யானைகளை நிறுத்தியிருந்தார்களே, பார்த்தீர்களா? பலர் குழந்தைகளோடு போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த யானைகள் உண்ணிக் குச்சியால் செய்தவை. நீலகிரி, கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்களின் கைவேலை. நிஜ யானையின் தீவனத்தைக் கெடுத்த செடி, அங்கே யானையாகவே நின்றது.

இப்போது, உதவ நினைப்பவர்கள் செய்யும் தவறுகளைப் பார்ப்போம். நல்ல மனத்தோடு செய்யும் தவறுகள்தான் அதிகம்.

காடு எரிந்ததும் பலர் விதைப் பந்தும் மரக் கன்றும் எடுத்துக்கொண்டு போக விரும்புகிறார்கள். எரிந்த காட்டுக்கு விதைப் பஞ்சம் இல்லை. வேர் உயிரோடு இருக்கிறது, மண்ணில் விதை கிடக்கிறது. வெளியிலிருந்து கொண்டுபோகும் கன்றோடு வேறு களையும் நோயும் போகும். நூறு பேர் நடந்தால் வெந்த மண் இறுகும். அந்த மண்ணில் முளைக்க இருந்த புல் மிதிபடும். எரிந்த காட்டுக்குப் பெரிய உதவி, அதன் மேல் கால் வைக்காமல் இருப்பது.

வாழைப்பழமும் ரொட்டியும் போடுவதும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவில் ஹெலிகாப்டரிலிருந்து கேரட்டும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் போட்டார்களே என்று கேட்கலாம். உண்மைதான். 2020 ஜனவரியில் பாறைகளில் வாழும் ஒரு வகைச் சிறு கங்காருவுக்காகச் சில நாட்களிலேயே 2,000 கிலோவுக்கு மேல் போட்டார்கள். அது அழியும் நிலையில் இருந்த விலங்கு. பாறையை விட்டு வேறு இடம் போகத் தெரியாது. அதனால் அரசே கணக்குப் பார்த்துச் செய்தது. பந்திப்பூர் மானும் யானையும் அப்படி அல்ல, அவை நடந்து போய்த் தேடிக்கொள்ளும். சாலையோரம் பழம் போட்டால் சாலைக்கே வந்து நிற்கப் பழகும். பழகிய யானை பஸ்ஸை மறிக்கும். பிறகு அதைப் பிடித்துக் கட்ட வேண்டிவரும்.

தண்ணீர் வேறு விஷயம். குட்டை வற்றும்போது நீர் விடுவது உயிர் காக்கும். பந்திப்பூரில் சூரிய ஒளி மோட்டார் வைத்து ஆழ்துளைக் கிணற்று நீரைக் குட்டையில் விடுகிறார்கள். முதல் மழையில் மலைச் சரிவின் சாம்பலெல்லாம் அடித்துக்கொண்டு குட்டையில் சேரும். நீர் கருத்து, மீன் செத்து மிதக்கும். குட்டைக்கு மேலே மட்டைகளையும் கற்களையும் போட்டுச் சின்ன அணை கட்டினால் சாம்பலும் மண்ணும் அங்கேயே தங்கும். இந்த வேலையை வனத் துறையோடு சேர்ந்து கிராமத்தார்தான் நன்றாகச் செய்ய முடியும்.

கருகி நிற்கும் பட்ட மரத்தை விறகுக்கு வெட்டலாமே என்று தோன்றும். வெட்டக் கூடாது. பட்ட மரத்தில் மரங்கொத்தி பொந்து போடும். அந்தப் பொந்தில் பிறகு கிளி குடியிருக்கும், ஆந்தை குடியிருக்கும், மைனா குடியிருக்கும். எரிந்த காட்டில் மிச்சம் இருக்கும் வீடுகள் அவைதான்.

மாடு மேய்ப்பதும் பெரிய கேள்வி. எரிந்த இடத்தில் முளைக்கும் இளம்புல் மாட்டுக்கும் பிடிக்கும். புதுப் புல்லுக்காகவே தீ வைப்பவர்களும் உண்டு. அந்தப் புல்லை மாடு மேய்ந்துவிட்டால் மானுக்கு என்ன மிச்சம்? மாட்டு நோயும் காட்டுக்குள் போகும். 1960-களின் கடைசியில் வெக்கை நோய் பரவி, பந்திப்பூர், முதுமலைப் பக்கம் காட்டெருதுகள் ஏராளமாகச் செத்தன. எரிந்த இடத்தை மட்டுமாவது ஒரு மழைக்காலம் முழுவதும் மாட்டுக்கு விடாமல் இருந்தால் காடு எழுந்துவிடும்.

ஆனால் மாடு வைத்திருப்பவருக்கும் வயிறு இருக்கிறது. 'உள்ளே விடாதே' என்று சொல்வது சுலபம். அவர் தீவனத்துக்கு எங்கே போவார்? அவருடைய பசுவைப் புலி அடித்தால் இழப்பீடு எத்தனை மாதத்தில் வருகிறது? விறகுக்குப் போன பெண்ணைத் திருடி போல நடத்தினால், அவருடைய ஊர் தீயணைக்க ஓடி வருமா? பந்திப்பூர் போன்ற காடுகளில் தீ தானாக வருவது மிக அரிது. மேய்ச்சலுக்கு வைத்தது, தேன் எடுக்கப் போட்ட புகை, வீசி எறிந்த பீடி, சில நேரம் அதிகாரிகள் மேல் உள்ள கோபம், இப்படி மனிதக் கையால்தான் பெரும்பாலும் வருகிறது. அதனால் காட்டோரத்து மக்களோடு நல்ல உறவு இல்லாமல் விலங்குகளைக் காப்பாற்ற முடியாது. ஆஸ்பத்திரி கட்டினாலும், ஹெலிகாப்டர் வாங்கினாலும் முடியாது.

அந்த மக்களில் ஒருவர்தான் தீக்காவலர். கோடைக்கு மட்டும் தினக்கூலியாக எடுப்பார்கள். ஜேனு குருபர், சோலிகர் போன்ற பழங்குடியினர் பலர் இந்த வேலையில் இருக்கிறார்கள். தை மாதத்துக்கு முன்பே வேலை தொடங்கும். சாலையின் இரு பக்கமும், காட்டின் எல்லையிலும் அகலமாகப் புல்லை வெட்டிக் காயவைத்து, ஈரக் காலத்திலேயே எரித்துவிடுவார்கள். அதற்குத் தீக்கோடு என்று பெயர். தீ வந்தால் அந்த வெறுந்தரையைத் தாண்டாமல் நிற்க வேண்டும். பிறகு நாள்தோறும் அதில் விழும் சருகைக் கூட்டித் தள்ள வேண்டும். இன்று கூட்டினால் நாளை மறுபடி விழும்.

தீ வந்துவிட்டால் இரவு பகல் கிடையாது. காற்று அடங்கும் விடியற்காலையில்தான் தீயை நெருங்க முடியும். எரிந்து முடிந்த பக்கமாக நின்று பச்சைக் கிளையால் அடிக்க வேண்டும். மலையில் தண்ணீர் ஏது? குடிக்கவே பாட்டிலில் கொண்டுபோவார்கள். சில இடத்தில் எதிர்த்தீ வைப்பார்கள். வரும் தீக்கு முன்னால் கொஞ்சம் எரித்து, அதற்குத் தின்ன ஒன்றும் இல்லாமல் செய்வார்கள். காற்று திரும்பினால் நடுவில் மாட்டிக்கொள்வார்கள். 2017 பிப்ரவரியில் பந்திப்பூரின் கல்கெரே பகுதியில் தீயணைக்கப் போன இளம் வனக் காவலர் ஒருவர் அப்படித்தான் உயிரிழந்தார். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மலையேறப் போனவர்களைப் புல்வெளித் தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். புல் சரிவில் தீ மேல்நோக்கி ஏறும்போது மனிதனால் அதை முந்தி ஓட முடியாது. பழக்கம் இல்லாதவர்கள் ஆர்வத்தில் தீயணைக்கக் காட்டுக்குள் போகக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

இப்போது வானிலிருந்தும் கண்காணிப்பு உண்டு. டேராடூனில் உள்ள இந்திய வன அளவாய்வு நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் சூடான இடங்களைக் கண்டுபிடித்துக் கைபேசிக்குச் செய்தி அனுப்புகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் செய்தி வந்த பிறகு மலை ஏற வேண்டியது அந்தத் தினக்கூலிக்காரர்தான். அவருக்கு நல்ல செருப்பும், காப்பீடும், நேரத்துக்குக் கூலியும் கொடுத்தால், அது புலிக்கும் ஆமைக்கும் செய்யும் உதவிதான்.

பந்திப்பூர் தூரம், பெங்களூரில் இருப்பவர்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறீர்களா? பெங்களூரிலும் காடு இருக்கிறது. தெற்கே பன்னேர்கட்டா தேசியப் பூங்கா யானைக் காடு. கனகபுரா சாலைப் பக்கம் துரஹள்ளிக் காட்டில் மயில் இருக்கிறது. கோடையில் அங்கேயும் புல் எரிகிறது. அவ்வளவு ஏன், உங்கள் தெருவில் கட்டாமல் கிடக்கும் காலி மனையைப் பாருங்கள். குப்பையைக் குவித்துக் கொளுத்துகிறார்கள். தீ புல்லில் ஏறி மனை முழுவதும் எரிகிறது. இடம் சுத்தமானது என்று நினைக்கிறார்கள். மார்ச் மாதம் தொடங்கி ஆட்காட்டிக் குருவி இப்படிப்பட்ட வெறுந்தரையில்தான் முட்டையிடும். கல்லைப் போலவே இருப்பதால் முட்டை கண்ணுக்குத் தெரியாது. தாய்ப் பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால் பக்கத்தில் முட்டை இருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். குப்பையைக் கொளுத்துவது நகரத்தில் தடை செய்யப்பட்டதும்கூட.

தீக்காயம் பட்ட பறவையோ அணிலோ கிடைத்தால் என்ன செய்வது? துளை போட்ட அட்டைப் பெட்டியில் மெல்லிய துணி விரித்து வையுங்கள். மூடி, சத்தம் இல்லாத நிழலில் வையுங்கள். பால் ஊற்றக் கூடாது. வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்ச் செத்துவிடும். மஞ்சள், எண்ணெய், பற்பசை எதுவும் தடவ வேண்டாம். சுற்றி நின்று பார்ப்பதும் அதற்குப் பயம். பயத்தாலேயே சில உயிர்கள் போய்விடும். கெங்கேரியில் வனவிலங்குகளுக்கென்று ஒரு மருத்துவமனை இருக்கிறது. 'பீப்பிள் ஃபார் அனிமல்ஸ்' என்ற அமைப்பு நடத்துகிறது. அங்கேயோ வனத் துறையிடமோ சேர்த்துவிடுங்கள். பாம்பு, குரங்கு என்றால் தொடவே வேண்டாம். தகவல் மட்டும் கொடுங்கள். எங்காவது தீயைப் பார்த்தால் 112-க்குச் சொல்லுங்கள்.

ஊருக்குப் போகும் வழியில் காட்டோரம் மான் குட்டி தனியாகப் படுத்திருக்கலாம். 'ஐயோ, தாய் இல்லையே' என்று தூக்கிவிடாதீர்கள். தாய் பக்கத்தில்தான் மேய்ந்துகொண்டிருக்கும். மனிதர்கள் விலகியதும் வந்து பால் கொடுக்கும். தூக்கிக்கொண்டு போன குட்டிக்குத்தான் தாய் இல்லாமல் போகும். அதை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். உடம்பில் காயம் இருந்தால், அல்லது தாய் செத்துக் கிடப்பது கண்ணுக்குத் தெரிந்தால், அந்த இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு அடுத்து வரும் வனத் துறைச் சோதனைச் சாவடியில் சொல்லுங்கள். மைசூரு வழியாக ஊட்டிக்குப் போகும் சாலையில் பந்திப்பூர்க் காட்டின் நுழைவிலேயே சாவடி இருக்கிறது. பஸ் நிற்கும்போது நடத்துநரிடம் சொன்னாலும் அவர் சாவடியில் தெரிவிப்பார்.

இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.